படத்தின் இடது ஓரம்

இது நிஜமாக நடந்தது. நண்பனின் நண்பனுக்கு நடந்ததல்ல. என் வீட்டில், என் கொல்லையில், எனக்கு நடந்தது. தேதி, மணி, நிமிடம் எல்லாம் அந்தப் படத்தின் மூலையில் இருக்கின்றன. நம்பிக்கை இல்லாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

இப்படிக் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் "நான் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை" என்று ஆரம்பிப்பார்கள். நான் பயந்தாங்கொள்ளிதான். கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில் மேல் ஏறி நிற்கிற ஆள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்பட வேண்டிய விஷயம் இந்தக் கதையில் வேறு இருக்கிறது. அதனால்தான் பதினான்கு மாதமாக வெளியாட்கள் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்பதுதான் பிழைப்பு. கடையைச் சாத்தியதும் கேமராவைக் கையில் எடுத்துவிடுவேன். காட்டுக்குப் போக நேரமும் இல்லை, துணிச்சலும் இல்லை. வீட்டைச் சுற்றி வருவதைத்தான் எடுப்பேன். எங்களுடையது தெருவின் கடைசி வீடு. கொல்லைச் சுவருக்குப் பின்னால் ஒரு வறண்ட வாய்க்கால், அதைத் தாண்டினால் புதர்க்காடு. அணில், ஆந்தை, ஓணான், மரங்கொத்தி என்று பதினோராயிரம் படம் சேர்த்து வைத்திருந்தேன். "பொண்டாட்டி பிறந்தநாள் மறந்து போகும், லென்ஸ் நம்பர் மட்டும் மறக்கவே மறக்காது" என்பாள் என் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். மகளுக்கு அப்போது பத்து வயது.

வீட்டில் நாலாவது ஆள் ஒன்று உண்டு. மேனேஜர். பதிமூன்று வயது நாய். காலையில் ஒவ்வொரு அறையாகப் போய் எல்லோரும் எழுந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கும். அதனால் அந்தப் பெயர். வலது கண்ணில் புரை விழுந்து வெள்ளையாகிவிட்டது. இடது கண்ணில் ஏதோ கொஞ்சம் தெரியும். நகம் வெட்ட விடாது. தரையில் நடந்தால் டக்... டக்... டக்... என்று வீடு முழுக்கக் கேட்கும்.

மேனேஜருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கேமரா சத்தம் கேட்டால் போதும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். என் கேமரா பழசு. அமுக்கினால் "சளக்" என்று ஊருக்கே கேட்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மரங்கொத்தியை எடுத்துக்கொண்டிருப்பேன். முதல் சளக். எங்கிருந்தோ டக் டக் டக் என்று வந்து லென்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து வாலால் தரையைத் தட்டும். மரங்கொத்தி பறந்துவிடும். "ச்சீ, போ அந்தப் பக்கம்" என்று காலால் தள்ளிவிடுவேன். பதிமூன்று வருடம் இப்படித்தான். அந்தப் பதினோராயிரம் படத்தில் மேனேஜர் படம் ஒன்றுகூட இல்லை. வீட்டு நாயை யாராவது படம் எடுப்பார்களா என்று நினைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு புகைப்படச் சங்கம் உண்டு. அதன் செயலாளர் ஒரு பல் டாக்டர். நான் உள்ளே நுழைந்தாலே "வாங்க அணில் அண்ணே, இன்னிக்கு எத்தன அணில்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆறு வருடம் சிரித்தேன். அந்த வருடம் போட்டிக்குத் தலைப்பு, 'வீட்டைச் சுற்றி வாழும் உயிர்கள்'. விதி இரண்டு. இரை வைத்து வரவழைக்கக் கூடாது. படத்தின் ஓரங்களை வெட்டலாம், வேறு எதையும் மாற்றக் கூடாது. ஜெயித்தால் வெட்டாத அசல் படத்தைக் காட்ட வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து வாய்க்காலில் நரியின் கால்தடம் கண்டேன். என் புத்தி அன்றைக்கே கெட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு கட்டளை உண்டு. கொல்லைக் கேட் எப்போதும் தாழ் போட்டிருக்க வேண்டும். மேனேஜர் இரவில் ஒரு முறை சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போகும், போய்விட்டுத் திரும்பி வரும். சுற்றிலும் சுவர், அதனால் பயமில்லை. கேட்டுக்கு வெளியே ஒற்றையடிப் பாதை நேராக மெயின் ரோட்டில், ஐஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் போய் முடியும். அங்கே இரவெல்லாம் லாரி ஓடும். தினமும் மாலையில் குப்பையை வெளியே வைத்துவிட்டுத் தாழ் போடுவது மகளின் வேலை. போட்டபின் இரண்டு முறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அன்று வியாழக்கிழமை. மாலை 7:15-க்கு அவள் தாழ் போட்டாள். இரண்டு முறை இழுத்தும் பார்த்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு 11:20. எல்லோரும் தூங்கிய பிறகு நான் போய் அந்தத் தாழைத் திறந்தேன்.

கேட் காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை அணைத்து வைத்தேன். கறிக்கடையில் வாங்கிய கோழிக் குடலை கேட்டிலிருந்து நாலடி உள்ளே தள்ளிப் பரப்பினேன். எதிரே மரத்தடியில் மரப்பெட்டிக்குள் கேமரா. குடல் கிடந்த அந்த ஒரு இடத்தில் ஏதாவது அசைந்தால் மட்டும் ஃப்ளாஷோடு தானாக மூன்று படம் எடுக்கிற மாதிரி இணைப்புக் கொடுத்திருந்தேன். கைப்பேசி அடித்து நரி ஓடிவிடக் கூடாதே என்று அதை அணைத்து வைத்தேன்.

சமையலறைக் கதவு மட்டும் மிச்சம். அதன் கீல் துருப்பிடித்தது. சாத்தினால் கீச்சென்று கத்தும். மேனேஜர் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். நாலு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிடலாம், அதுவரை நான் விழித்துத்தானே இருக்கப்போகிறேன் என்று நினைத்துக் கதவை ஒரு சாண் திறந்தபடியே விட்டுவிட்டேன்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். 1:30 மணி பார்த்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் தூங்கிவிட்டேன்.

காலை 5:40. வாசலில் மெதுவாக யாரோ தட்டினார்கள். ஐஸ் தொழிற்சாலையின் இரவு வாட்ச்மேன். கையில் மேனேஜரின் கழுத்துப் பட்டை. அதில் ஒரு பித்தளைத் தகட்டில் எங்கள் வீட்டு எண்ணும் என் கைப்பேசி எண்ணும் பொறித்திருக்கும்.

"சார், உங்க நாய்தானே? ராத்திரி லாரி... நான் அப்பவே உங்களுக்கு..."

"சரி சரி, புரியுது. நீங்க போங்க, நான் வர்றேன்."

அவரைப் பேசி முடிக்கவிடவில்லை. என் கவலை அப்போது வேறு. பட்டையை வாங்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். மேனேஜரைப் பார்க்க ஓடியிருந்தால் இன்று கொஞ்சமாவது தலைநிமிர்ந்து சொல்வேன். நான் ஓடியது மிச்சமிருந்த குடலைக் கழுவிவிட. செங்கல்லை எடுத்து வைத்தேன். கேமராப் பெட்டியைத் தூக்கி ஒளித்தேன். அப்புறம்தான் ரோட்டுக்குப் போனேன்.

மேனேஜரைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோது மனைவியும் மகளும் எழுந்திருந்தார்கள். மகள் அழவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட் எப்படித் தொறந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

நான் வாயைத் திறக்குமுன் மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் தாழ் போட்டேன்பா." கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தலையைத் தடவிக் கொடுத்து, "விடும்மா, தெரியாம நடந்துபோச்சு. அப்பா உன்னைத் திட்ட மாட்டேன்" என்றேன்.

நான் செய்த தப்புக்கு அவளை நான் மன்னித்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அன்று மாலை கடையில் தனியாக உட்கார்ந்து கேமராவைத் திறந்தேன். மூன்று படம் விழுந்திருந்தது. மூன்றுமே 3:12. முதல் இரண்டில் நரி தலையைக் குனிந்திருந்தது. முகமே தெரியவில்லை. மூன்றாவது...

அப்படி ஒரு படம் என் கையால் அதற்கு முன்னும் விழுந்ததில்லை, இனிமேலும் விழாது. நரி தலையைத் தூக்கியிருந்தது. முன்னங்கால் ஒன்று அந்தரத்தில். காது இரண்டும் படிந்து, உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து, இடது பக்கமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் அப்படி ஒரு திகில். மூக்கின் ஈரம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

இடது ஓரத்தில் கேட் தெரிந்தது, ஆவென்று திறந்தபடி. அதற்கப்பால் இருட்டு. அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே என்னால் முடியவில்லை. நரியின் கால் பக்கத்திலேயே ஒரு கோடு போட்டு இடது ஓரத்தை வெட்டினேன். கேட் போயிற்று. கீழே தெரிந்த குடலையும் வெட்டினேன். இப்போது நரி மட்டும்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டேன்.

வீட்டில் மகள் மாறிவிட்டாள். விளையாடப் போவதில்லை. மாலையில் தாழ் போட்டு இரண்டு முறை இழுப்பாள். உள்ளே வந்து உட்காருவாள். எழுந்து போய் மறுபடி இழுப்பாள். ஒரு நாள் எண்ணினேன். பதினேழு முறை. "பாவம், பயந்துட்டா" என்றாள் மனைவி. நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

படம் அனுப்பிய பத்தாம் நாள் பல் டாக்டர் அழைத்தார். அணில் அண்ணே என்று சொல்லவில்லை. "சார், முதல் பரிசு உங்களுக்குத்தான். நடுவர்கள் மூணு பேரும் ஒரே படத்தைச் சொன்னாங்க. அந்த நரி அப்படி என்னத்தைப் பாக்குதுன்னு ஒருத்தர் ராத்திரி பூரா யோசிச்சாராம். ஞாயித்துக்கிழமை கண்காட்சி. அதுக்குள்ள அசலை அனுப்பிடுங்க."

அன்று இரவுதான் ஆரம்பித்தது.

தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். சளக். கொல்லைப் பக்கம். மணி பார்த்தேன். 3:12. கேமரா கூடத்து அலமாரியில் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அலமாரி பூட்டியபடி இருந்தது. பேட்டரி தனியாக மேசை மேல் கிடந்தது. ஏதோ கனவு என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் இரவு. 3:12. சளக். இந்த முறை சமையலறைக்குள். கூடவே இன்னொரு சத்தம். டக்... டக்... டக்... நிதானமாக. அடுப்புப் பக்கமிருந்து வாசற்படி வரை. நின்றுவிட்டது. மனைவியை எழுப்பலாமா என்று நினைத்தேன். எழுப்பி என்னவென்று சொல்வது?

மூன்றாம் நாள் நான் தூங்கவே இல்லை. விளக்கை அணைக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். 3:10. 3:11. சரியாக 3:12-க்கு...

சளக்.

கூடத்தில். அலமாரிக்குள்.

டக்... டக்... டக்... சமையலறையிலிருந்து வந்தது. கூடத்தைக் கடந்தது. அலமாரிக்கு முன்னால் நின்றது. யாரோ உட்காருகிற மாதிரி ஒரு சின்ன சத்தம். அப்புறம்...

தொப். தொப். தொப்.

வால் தரையைத் தட்டுகிற சத்தம்.

போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன். 'ச்சீ, போ' என்று வாய்வரை வந்தது. பழக்கதோஷம். பதிமூன்று வருடம் சொன்ன வார்த்தை. அந்த நேரத்தில் அது என் நாக்கு நுனிக்கு வந்ததே, அதை நினைத்துத்தான் நான் அன்று அழுதேன்.

நாலாம் நாள், சனிக்கிழமை விடியுமுன். மறுநாள் கண்காட்சி. அசலை இன்னும் அனுப்பவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் விழித்துக்கொண்டேன். மணி 3:09. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தேன். மகளின் அறைக் கதவு திறந்திருந்தது.

கட்டிலில் அவள் இல்லை.

சமையலறைக் கதவும் திறந்திருந்தது. கீல் கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவே இல்லை.

கொல்லைக்கு ஓடினேன். கேட் பக்கத்தில், இருட்டில், இரவு உடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். கை தாழ்ப்பாள் மேல்.

"இங்க என்னம்மா பண்ற?"

"தாழ் போட்டிருக்கான்னு பாக்க வந்தேன்."

"இந்த நேரத்திலயா?"

"தினமும்தான் வர்றேன்." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "மேனேஜர் வெளிய நிக்குதுப்பா."

அவள் தோளைப் பிடித்தேன்.

"யாரும் இல்ல. வா உள்ள."

"நிக்குது. கேளுங்க."

கேட்டேன்.

கர்ர்... கர்ர்... கேட்டின் கீழ்த் தகரத்தில். நகத்தால் பிராண்டுகிற சத்தம்.

"அது உள்ள வரணும்னா நான் தொறக்கணும்" என்றாள். "தொறந்தா தப்பு. தொறக்கலன்னா அது வெளியவே நிக்கும். நான் என்னப்பா செய்யட்டும்?"

குனிந்து அவள் கையைத் தாழிலிருந்து எடுக்கப் போனேன்.

கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அங்கே மண் லேசாகப் பறந்தது.

மூச்சு.

யாரோ அங்கே மூக்கை வைத்து மோந்து பார்க்கிறார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து...

சளக்.

பிராண்டல் நின்றது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கதவைச் சாத்தினேன். கீச்சென்று கத்தியது. அவளை மனைவியின் பக்கத்தில் படுக்க வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அப்போதும் நான் சொல்லவில்லை. பேய்க்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த ஆளுக்கு, பத்து வயதுக் குழந்தையிடம் உண்மையைச் சொல்வதுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

கணினி முன்னால் உட்கார்ந்தேன். மணி 3:50. அந்த அசல் படத்தைத் திறந்தேன். வெட்டாத படம். பதினைந்து நாளாக நான் பார்க்காமல் ஒதுக்கிய இடது ஓரம்.

பெரிதாக்கினேன்.

திறந்த கேட். செங்கல். அதற்கப்பால் இருட்டு. அந்த இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி.

ஒன்றே ஒன்று.

மேனேஜர் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. இடது கண் மட்டும் ஃப்ளாஷில் மின்னியது. புரை விழுந்த கண் மின்னவில்லை. நரி பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அப்படியானால் 3:12-க்கு அது உயிரோடு இருந்திருக்கிறது. கேட் வரை வந்திருக்கிறது. நரி நிற்பதைப் பார்த்து உள்ளே வரப் பயந்திருக்கும். திரும்பி ரோட்டுக்குப் போயிருக்கும். நான் உள்ளே நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படித்தான் கணக்குப் போட்டேன். அதுவே என்னால் தாங்க முடியாத கணக்காக இருந்தது.

விடிந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் பால் தம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குடல், செங்கல், கதவு, தாழ். படத்தில் கேட்டை வெட்டியது, வெட்டிய ஓரத்தில் மேனேஜர் இருந்தது. ஒன்று விடாமல். நிமிர்ந்து சொல்ல முடியவில்லை. மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மனைவி தோள்பையைக் கீழே வைத்தாள். "பதினஞ்சு நாளா அந்தப் பிள்ளை தூங்கலங்க" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மகள் கேட்டாள்.

"அப்ப நான் தாழ் போட்டேன்தானே?"

"போட்டம்மா."

"ரெண்டு தடவ இழுத்தேன்தானே?"

"இழுத்த. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னால் தலையாட்ட மட்டும்தான் முடிந்தது. தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

பல் டாக்டரிடம் நேரில் போய் இரை வைத்ததைச் சொல்லிப் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு சங்கத்துக்கு நான் போவதில்லை. நான் வாய்திறந்த நாளிலிருந்து அந்தச் சத்தமும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பத்தாம் நாள் மகள் வந்து நின்றாள். "மேனேஜர் படம் வேணும்" என்றாள். வீட்டில் அதற்கு இருப்பது அந்த ஒரு படம்தான் என்று அவளுக்குத் தெரியும். கணினியில் அவளே உட்கார்ந்து கோடு போட்டாள். நரியை வெட்டி எறிந்தாள். கேட்டும் இருட்டும் நாயும் மட்டும் மிஞ்சியது. இரண்டு பிரதி போடச் சொன்னாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று, நாயைப் பற்றித் தகவல் சொன்ன வாட்ச்மேன் மாமாவுக்கு.

கடையில் பிரதி எடுத்து வந்ததும் உற்றுப் பார்த்தாள். "அப்பா, கழுத்துல பட்டை இல்லயே?"

"இருட்டுல தெரியலம்மா" என்றேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அன்று மாலை இருவரும் ஐஸ் தொழிற்சாலைக்குப் போனோம். வாட்ச்மேன் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது எப்ப எடுத்தது சார்?"

"அன்னிக்கு ராத்திரிதான். மூணு பன்னெண்டுக்கு."

"இருக்காது சார்."

"மணி படத்துலயே இருக்குங்க."

அவர் மகளைப் பார்த்தார். "பாப்பா, அந்தப் பக்கம் பூனைக்குட்டி இருக்கு, பாரு" என்று அனுப்பினார். அறைக்குள் போய் ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தார். எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, வெளியே போனது என்று எழுதும் நோட்டு. அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார். குண்டு குண்டாக அவருடைய கையெழுத்து.

2:35. லாரி வெளியே. கேட் முன்னால் நாய் அடிபட்டது. உயிர் இருக்கு.

2:50. பட்டை கழட்டி நம்பர் பார்த்து ரெண்டு தடவை போன். ஸ்விட்ச் ஆஃப்.

3:05. நாய் செத்துப்போச்சு.

"கேட்டை விட்டுட்டு வர முடியாது சார், வேலை போயிடும். அதான் காலையில வந்தேன். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க கேக்கல." நோட்டை மூடினார். "என் நாற்காலி பக்கத்துலயேதான் கெடந்துச்சு. விடியற வரைக்கும் நான் நகரல. அதுவும் நகரல."

வீட்டுக்கு வந்து கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். சுவர்க் கடிகாரத்தோடும், ரேடியோவில் சொன்ன மணியோடும். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

மூன்று ஐந்து. மூன்று பன்னிரண்டு.

இதற்கு விளக்கம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். அது என்னைப் பயமுறுத்த வரவில்லை, பழிவாங்கவும் வரவில்லை. அன்று இரவு கேமரா மூன்று முறை அமுங்கியது. முதல் இரண்டு படத்திலும் கேட்டுக்கு அப்பால் யாரும் இல்லை, நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மூன்றாவதில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. சத்தம் கேட்டு, நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது. நானும் வழக்கம்போல அதைப் படத்திலிருந்து தள்ளிவிட்டேன்.